முகங்கொடுத்தாள்

ஓலைக்குறிச்சியில் முகங்கொடுத்தாள் அம்மன் ஊருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றது ஒரு பங்குனிப் பொங்கல் அன்று, நல்ல வெயிலில், ஊர் முழுக்கக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தபோது. பூசாரி வெயிலுமுத்து அலங்காரத்தை முடித்துவிட்டு, சூடத்தட்டை ஏற்றிக்கொண்டு, மேளத்துக்குக் கண்காட்டிவிட்டுத் திரையை விலக்கினார். சற்று முன் அவரே மை தீட்டி, சாந்து வைத்துவிட்டு வந்த முகம் அங்கே இல்லை. கருங்கல்லில் ஒரு நீளப் பின்னல் இருந்தது, பிடரிக் குழி இருந்தது, தோள்பட்டை இரண்டும் இருந்தன, முன்னால் கொசுவம் வைத்துக் கட்டிய பச்சைப் பட்டின் முந்தானை பின்னால் வந்து தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பின்னலை அதுவரை யாரும் பார்த்ததில்லை, ஏனென்றால் அது எப்போதும் சுவர்ப்பக்கம் இருந்தது. மேளக்காரர்கள் இன்னும் கொஞ்ச நேரம் அடித்தார்கள், பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். பெண்கள் கூச்சலிட்டார்கள். வெயிலுமுத்து சூடம் அணைவதற்குள் முதுகுக்கே தீபத்தைக் காட்டி முடித்தார், வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அம்மனுக்கு அந்தப் பெயர் வந்த கதை கரிசல்காட்டுப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பேதி வந்து ஊர்கள் காலியான ஒரு காலத்தில், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி ஓலைக்குறிச்சிக்குள் நடந்து வந்தாளாம். பிள்ளை வழியிலேயே இறந்திருந்தது. அவளுக்குச் சோறு வேண்டியிருக்கவில்லை, தண்ணீர் வேண்டியிருக்கவில்லை, பிள்ளை இறந்துவிட்டதென்று யாராவது ஒருவரிடம் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தெருத்தெருவாக அவள் போக, வீட்டுக்கு வீடு கதவு சாத்த, கதவில்லாதவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள, கடைசியில் ஊருக்கு வெளியே ஆமணக்கு முத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் நிமிர்ந்து பார்த்து, யாரும்மா நீ, பிள்ளைக்கு என்ன என்று கேட்டாளாம். வந்தவள் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, நீ எனக்கு முகம் கொடுத்துப் பேசினாய், இனி இந்த இடத்தில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் நான் முகம் கொடுப்பேன் என்று நின்றவள் நின்றபடி கல்லானாள். அதனால்தான் அந்தக் கோயிலில் வேண்டுதல் என்று தனியாக எதுவும் கிடையாது. முன்னால் போய் நின்று, அவள் முகத்தைப் பார்த்து, நடந்ததைச் சொல்லிவிட்டு வருவார்கள். திருடு போனவர்களும் சொல்வார்கள், திருடியவர்களும் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவள் ஏன் திரும்பினாள் என்று ஊரில் ஒருவரும் மற்றவரைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அதற்கு முந்தின ஐப்பசியில் ஊர்க்கோடியில் இருந்த தீப்பெட்டி ஆபீசில் தீப்பிடித்து, மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். ஆபீஸ் அய்யாத்துரைக்குச் சொந்தம், கோயிலுக்கும் அவர்தான் தர்மகர்த்தா. ஊரில் பாதிக்கு அங்கேதான் வேலை. விசாரிக்க வந்த அதிகாரியிடம் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: கதவு திறந்துதான் இருந்தது, புகையில் அவர்களுக்கு வழி தெரியவில்லை. செண்பகம் மட்டும், பக்கத்து அறையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள், கதவு வெளியே கொண்டி போட்டிருந்தது என்றாள். போட்டது யார் என்று கேட்டதற்கு, பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டாள்.

அவள் பார்த்திருந்தாள். கொண்டியைப் போட்டது அவளுடைய அக்கா தங்கபுஷ்பம். சாப்பாட்டு மணி அடிக்கும் முன்னால் பெண்கள் எழுந்து போகிறார்கள் என்று அய்யாத்துரை சத்தம் போட்டதிலிருந்து, மேற்பார்வை பார்த்த தங்கபுஷ்பம் தினமும் அதைப் போடுவதும் மணி அடித்ததும் எடுப்பதுமாக இருந்தாள். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போன பிறகு செண்பகத்துக்குத் தலைசீவி, சோறு போட்டு, வயதுக்கு வந்தபோது தாய்மாமன் இல்லாத குறைக்குத் தானே சேலை எடுத்துக் கொடுத்தவள் அவள். அக்கா பெயரைச் சொல்ல செண்பகத்துக்கு வாய் வரவில்லை. கதவு திறந்திருந்தது என்று சொல்லவும் வரவில்லை.

ஆபீசுக்குச் சீல் வைத்தார்கள். அய்யாத்துரை ஜாமீனில் வந்துவிட்டார், வழக்கு இழுத்துக்கொண்டு கிடந்தது, வேலை போனவர்களுக்கு அதிகாரியைக் கோபிக்க முடியவில்லை, அய்யாத்துரையைக் கோபிக்கத் தைரியமில்லை. செண்பகம் இருந்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை, கல்லெறியவில்லை, கூட்டம் போட்டு எதுவும் தீர்மானிக்கவில்லை. பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். கடையில் அவள் கேட்ட சாமானைத் தராசில் பார்த்துக்கொண்டே நிறுத்துக் கொடுத்தார்கள், குழாயடியில் அவள் குடம் வைத்ததும் மற்றவர்கள் வானத்தில் ஏதோ இருப்பதுபோல் பார்த்தார்கள். அவள் பக்கத்து ஊர் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். அங்கே அவளிடம் பேச ஆள் இருந்தது.

பங்குனிப் பொங்கலுக்கு அவள் பானையோடு கோயிலுக்கு வந்தாள். வரிசையில் இடம் பார்த்துக் கல்லைக் கூட்டினாள். இந்தப் பக்கத்துப் பெண் எரிகிற அடுப்பிலிருந்து பானையைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். அந்தப் பக்கத்துப் பெண்ணும் நகர்ந்தாள். செண்பகம் தலையை நிமிர்த்தி எதிரே சன்னதிக்கு நேராக நின்ற அக்காவைப் பார்த்தாள். ஊர் முழுக்கத் தங்கபுஷ்பத்தின் முகத்தைப் பார்த்தது. தங்கபுஷ்பம் ஒரு கணம் தங்கையைப் பார்த்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் வெயிலுமுத்து திரையை விலக்கினார்.

முதலில் அதைச் சரிசெய்யப் பார்த்தார்கள். ஸ்தபதி ஒருவரை வரவழைத்தார்கள், அவர் பீடத்தைச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு, சிலையைப் பீடத்தோடு பிடித்து நிறுத்துகிற மருந்து சாத்தியது சாத்தியபடி இருக்கிறது, இந்தச் சிலையை யாரும் அசைக்கவில்லை, இது ஆதியிலிருந்தே இப்படித்தான் நிற்கிறது என்று சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். அம்மன் மேற்கே பார்க்க ஆசைப்படுகிறாள் என்று ஒருவர் சொல்ல, மேற்குச் சுவரை இடித்து வாசல் வைத்தார்கள். வாசலைத் திறந்த அன்று போய் நின்றால் அங்கேயும் முதுகு தெரிந்தது. வடக்கே திறந்தார்கள், தெற்கே திறந்தார்கள். கடைசியில் சுவரே இல்லாமல் தூண்கள் மட்டும் நின்றன, நான்கு திசையிலிருந்தும் நான்கு பேர் ஒரே நேரத்தில் போய் நின்று பார்த்தார்கள், நான்கு பேருக்கும் பின்னலும் பிடரியும்தான் தெரிந்தன. வெயிலுமுத்து அபிஷேகம் செய்யும்போதும் அப்படித்தான், அவர் சுற்றிச்சுற்றி வர, அவள் அசையாமலே அவருக்கு முதுகாக இருந்தாள். அவர் பழகிக்கொண்டார். பிடரியில் குங்குமம் வைத்தார், தோளில் சந்தனம் அப்பினார், பின்னலுக்கு அடியில் நைவேத்தியத்தை வைத்து மணியடித்தார். சேலையை எப்படிக் கட்டுவதென்று கொஞ்ச நாள் திண்டாடினார். பிறகு உள்ளூர்த் தையல்காரர் பின்பக்கம் விசிறிபோல் விரிகிற மாதிரி ஒரு பாவாடை தைத்துக் கொடுத்தார், பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வேடிக்கை பார்க்க, பிறகு கும்பிட. பஸ்ஸில் கண்டக்டர்கள் முதுகம்மன் கோயில் இறங்கு என்று கத்தினார்கள். கடன்காரன் திரும்பிப் போக வேண்டும், பிடித்த பேய் திரும்பிப் போக வேண்டும், மாமியார் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும் என்றெல்லாம் வேண்டிக்கொண்டார்கள். பூக்கட்டுகிறவர்கள் பின்னல் நீளத்துக்குச் சரம் தொடுத்து அதற்கு அம்மன் ஜடை என்று பெயர் வைத்தார்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரைப் பிடித்து அய்யாத்துரை ஒரு புதிய தலவரலாறு எழுதி வாங்கி, பளிங்கில் வெட்டி வாசலில் பதித்தார். அதன்படி, எதிரிப் படை ஒன்று ஊரைச் சுற்றி வளைத்ததாகவும், ஊரைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக் காப்பதற்காக அம்மன் எதிரியைப் பார்க்கத் திரும்பியதாகவும் ஆயிற்று. அதைப் படித்தவர்கள் கண்ணில் நீர் வந்தது. மூடிய தீப்பெட்டி ஆபீஸ் இருந்த இடத்தில் வண்டிகள் நிறுத்த இடம் ஒதுக்கினார்கள். தீயில் கருகிய சுவர் மழைக்குச் சாயும் வரை ஓரத்தில் நின்றது, அதன் நிழலில்தான் வேன்காரர்கள் படுத்துத் தூங்கினார்கள். வேலை போன எல்லோருக்கும் ஏதோ ஒரு பிழைப்பு வந்துவிட்டது. ஊர் இப்படிச் செழிப்பாக இருந்ததே இல்லை என்று பேசிக்கொண்டார்கள், பேசும்போது தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்கள். அது எப்போது வழக்கமானதென்று யாருக்கும் நினைவில்லை.

தங்கபுஷ்பம் கோயில் வாசலில் பூக்கடை போட்டாள். அவளுக்கு நல்ல குரல், சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், அதனால் வருகிறவர்களுக்குக் கதை சொல்லும் வேலையும் அவளுக்கே வந்து சேர்ந்தது. எதிரிப் படை வந்ததை, புழுதி கிளம்பியதை, அம்மன் பின்னலை உதறித் திரும்பியதை அவள் கையை ஆட்டிச் சொல்லுவாள். சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் பாருங்க, முகம் தெரியாது, முதுகைக் கும்பிட்டாப் போதும் என்று முடிப்பாள். ஒரே தெருவில் மூன்று வீடு தள்ளியிருந்த தங்கையோடு அவள் பேசுவதில்லை. செண்பகம் காலை பஸ்ஸுக்கு வாசலைக் கடந்து போகும்போது தங்கபுஷ்பம் குனிந்து பூக்கூடையில் எதையாவது தேடுவாள்.

ஒரு ஆடி வெள்ளியில், கூட்டம் நெரிந்த நேரத்தில், முக்காடு போட்ட ஒரு பெண் அவள் கதையைக் கடைசிவரை நின்று கேட்டுவிட்டு, முழம் பூ வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். போனவள் சீக்கிரம் திரும்பி வந்து கடைக்கு முன்னால் நின்றாள்.

"ஏந்தாயி, முகம் தெரியாதுன்னு சொன்னியே. நல்லாத்தான பாக்கா" என்றாள்.

வெயிலில் வந்த மயக்கம் என்று நினைத்துத் தங்கபுஷ்பம் சிரித்தாள். உட்காருங்க யம்மா, தண்ணி குடிங்க என்றாள். அந்தப் பெண் உட்காரவில்லை. மூக்கு நுனி கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, மேலுதட்டுக்கு நடுவில் ஒரு வெட்டு இருக்கிறது, இடது கண் வலதைவிடச் சற்று இறங்கியிருக்கிறது, அதனால்தான் நம்மிடம் ஏதோ கேட்பதுபோல் இருக்கிறது என்று, பார்த்ததைப் பார்த்தபடி நிதானமாகச் சொன்னாள். தங்கபுஷ்பத்தின் கையிலிருந்த நார் அப்படியே நின்றது. உள்ளூர்க்காரர்களே மறந்துபோயிருந்த முகம் அது. சிறுபிள்ளையில் அவளும் செண்பகமும் அந்த இறங்கின கண்ணுக்கு நேராக யார் நிற்பதென்று சண்டை போட்டிருக்கிறார்கள்.

எந்த ஊர் என்று கேட்டாள்.

"மேட்டூரணி. எம்பேரு மாடத்தி. எம்மவ வள்ளித்தாயி இங்கனதான் தீப்பெட்டி ஆபீசுல செத்துப்போனா. இந்த ஊரு மண்ணையே மிதிக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். ராத்திரியெல்லாம் தூக்கம் வரமாட்டேங்கு. இவகிட்ட சொன்னா ஆறும்னாவ. அதான் வந்தேன்."

தங்கபுஷ்பம் எழுந்து நின்றாள். கூடை சரிந்து பூ தரையில் கொட்டியது. அவளுக்கு முன்னால் கதை கேட்பதற்காக அடுத்த வேனில் வந்தவர்கள் வட்டமாகக் கூடியிருந்தார்கள். கதவுக்கு வெளியே கொண்டி போட்டது நான்தான் என்று அவள் மாடத்தியின் காலடியைப் பார்த்துச் சொன்னாள். ஆபீஸில் நடந்ததை, அய்யாத்துரை போடச் சொன்னதை, தங்கை உண்மை சொன்னதை, தன் பெயரை மட்டும் சொல்லாமல் விட்டதை, அதற்குப் பிறகும் பொங்கலன்று தான் முகத்தைத் திருப்பியதை, அம்மன் திரும்பியதை, எல்லாவற்றையும் அவள் அந்த நல்ல குரலிலேயே சொன்னாள், வேறு குரல் அவளிடம் இல்லை. வேனில் வந்தவர்கள் உருகிப்போய்க் கேட்டார்கள். முடிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எவ்வளவு சக்தியான தெய்வம் என்றார்கள். ஒருத்தி தன் குழந்தையைத் தங்கபுஷ்பத்தின் காலில் விழச் சொன்னாள். பளிங்கில் வெட்டியிருந்த கதையைவிட இது நன்றாயிருப்பதாகச் சொல்லிக்கொண்டே வரிசையில் போய்ச் சேர்ந்தார்கள்.

மாடத்தி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"உள்ளருந்து தட்டுனாளா எம்மவ?" என்று கேட்டாள்.

"தட்டுனா."

"ஒனக்குக் கேட்டுச்சா?"

தங்கபுஷ்பம் தரையில் கொட்டிய பூவைப் பார்த்தாள்.

"எம் முகத்தப் பாத்துச் சொல்லு."

தலையைத் தூக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது. தூக்கினாள். மாடத்திக்குப் பெரிய கண்கள், அழுது ஓய்ந்து பல நாளானவை, அவற்றில் கோபம் இருந்தால்கூடப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்போல் இருந்தது.

"கேட்டுச்சு யம்மா. சோத்துக்கு மணியாச்சுன்னு தட்டுதாங்கன்னு நெனச்சேன். தெனமும் அப்படித்தான் தட்டுவாக. டீ குடிச்சிக்கிட்டிருந்தேன். குடிச்சிட்டு வந்து தொறப்போம்னு இருந்தேன்."

மாடத்தி அதைக் கேட்டுக்கொண்டாள். தெரியாமல் இருந்த ஒன்றைத் தெரிந்துகொண்டதுபோல் தலையை ஆட்டினாள். திட்டவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போய், வெயிலில் நின்று, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் செண்பகம் வேலை முடிந்து வந்தபோது அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். செண்பகம் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தாள். தங்கபுஷ்பம் உள்ளே போகாமல், நாளைக்குக் கோர்ட்டுக்குப் போய்ச் சொல்லப்போகிறேன், வக்கீல் வீடு எங்கே என்று சாட்சி சொன்ன உனக்குத்தான் தெரியும், கூட வருவாயா என்று கேட்டாள். வருகிறேன் என்றாள் செண்பகம். பிறகு தங்கபுஷ்பம், பகலில் கோயிலில் நடந்ததைச் சொன்னாள். மேட்டூரணிக்காரிக்கு அம்மன் முகம் தெரிந்தது என்றாள்.

செண்பகம் புரியாமல் பார்த்தாள். எல்லோருக்கும்தானே தெரியும் என்றாள்.

"ஏட்டி, அம்மன் திரும்பி நிக்காள்லா. பொங்கலன்னையிலருந்து."

"திரும்பியா நிக்கா?" என்றாள் செண்பகம். "நான் ஒவ்வொரு செவ்வாயும் விடிகாலம் போயிட்டுத்தான வாரேன். எப்பவும்போலத்தான் நிக்கா."

பொங்கலன்று பெண்கள் கூச்சலிட்டது தன்னைப் பார்த்துத்தான் என்று அவள் நினைத்திருந்தாள். அந்தக் கூச்சலிலும் அம்மன் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது ஆறுதலாக இருந்தது, கும்பிட்டுவிட்டு அடுப்பில் ஏற்றாத பானையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். பிறகு சுவரை ஏன் இடிக்கிறார்கள் என்று பார்த்தாள், திருப்பணி என்று நினைத்தாள். கண்டக்டர்கள் முதுகம்மன் என்று கத்தினார்கள், ஜவுளிக்கடையிலும் அப்படியே சொன்னார்கள், வாசலில் பளிங்கும் வைத்தார்கள், கூட்டம் சேர்க்க அய்யாத்துரை கட்டிவிட்ட கதை என்று நினைத்துக்கொண்டாள். இத்தனை பெரிய அதிசயம் தன் ஊரில் நடந்து, தேசம் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது, அவளிடம் அதைச் சொல்வதற்கு ஊரில் ஒரு ஆள் இருக்கவில்லை.

தங்கபுஷ்பம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். செண்பகம் விளக்கைப் போட்டாள், அடுப்பைப் பற்றவைத்தாள், அக்காவை அழவிட்டாள்.

தங்கபுஷ்பத்துக்கும் அய்யாத்துரைக்கும் தண்டனை ஆனது. அய்யாத்துரை மேல்கோர்ட்டுக்குப் போனார், அவள் போகவில்லை. இரண்டு பேருக்கு அம்மன் முகம் தெரிகிறது என்ற செய்தி பரவியதும் ஓலைக்குறிச்சிக்காரர்கள் சேர்ந்து கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டார்கள். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்து தனக்குத் தெரியாமல் போனால் என்ன செய்வது என்ற பயம். தனித்தனியாகப் போய், தனித்தனியாக வந்து, தெரிந்தது என்று சொன்னார்கள். தூண்களுக்கு நடுவே மறுபடி சுவர் எழுப்பலாம் என்றுகூடச் சிலர் பேசினார்கள். பொங்கலன்று பானையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்த இரண்டு பெண்களில் ஒருத்தி மட்டும் செண்பகத்தின் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று, அவள் முகத்தைப் பார்த்து, எனக்கு முகம் தெரியவில்லை, உன்னிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தண்டனை முடிந்து வந்த தங்கபுஷ்பம் தங்கையோடுதான் இருக்கிறாள். மிளகாய் பறிக்கப் போகிறாள், கதை சொல்வதில்லை. செவ்வாய்க்கிழமை விடிகாலையில் இரண்டு பேரும் கோயிலுக்குப் போகிறார்கள். செண்பகம் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து நிற்பாள். தங்கபுஷ்பம் அந்தக் கல்பின்னலுக்கு முன்னால் நின்று, தட்டியதும் கேட்டதும் டீ குடித்ததும் என்று முதலிலிருந்து கடைசிவரை சொல்லிவிட்டு வருவாள். வழியில் பார்க்கிறவர்கள் கேட்பார்கள், தெரிந்ததா என்று. கேட்பவர்கள் அவளைப் பார்க்காமல்தான் கேட்பார்கள்.

"இன்னும் இல்ல" என்பாள், அவர்கள் நிமிர்ந்து பார்க்கும் வரை அங்கேயே நின்றுகொண்டு.